சிவப்பு மை சொல்லும் சேதி

படிவம் ஐந்து படிக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் உண்டா? அப்படியானால் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

எஸ்.பி.எம். தேர்வுக்கு முன்னால் பள்ளிகளில் முன்னோட்டத் தேர்வு வைக்கிறார்கள். பிள்ளைகள் அதைப் 'பெர்ச்சுபாஆன்' என்பார்கள். விடைத்தாள் வீட்டுக்கு வந்ததும் நாம் செய்வது என்ன? முதல் பக்கத்தில் வட்டமிட்டிருக்கும் எண்ணைப் பார்க்கிறோம். நல்ல எண் என்றால் ஒரு சிரிப்பு. குறைந்த எண் என்றால் நாலு திட்டு. அதன் பிறகு தாள் புத்தகப் பையின் அடியில் கசங்கிக் கிடக்கும். உள்ளே ஆசிரியர் சிவப்பு மையில் எழுதியதை யார் படிக்கிறார்கள்?

செம்பனை வெட்டுகிறவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. குலைகளை எண்ணும் இடத்தில் சிலவற்றைக் காய் என்று ஒதுக்கிவிட்டால், ஏன் ஒதுக்கினார்கள் என்று பார்க்கிறோம். உதிரிப் பழம் விழுவதற்கு முன்பே வெட்டிவிட்டோம் என்று தெரிகிறது. மறுநாள் மரத்தடியைப் பார்த்துவிட்டுத்தான் கத்தி போகும். எண்ணிக்கை குறைந்ததே என்று வருந்திவிட்டு வீட்டுக்குப் போகிறவருக்கு மறுநாளும் காய்தான் கிடைக்கும். விடைத்தாளும் அப்படித்தான்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். யு.பி.எஸ்.ஆர். தேர்வு 2021இல் நிறுத்தப்பட்டது, பி.டி.3 தேர்வு 2022இல் நிறுத்தப்பட்டது. அவற்றை எழுதாமல் வளர்ந்த பிள்ளைகளுக்கு எஸ்.பி.எம்.தான் முதல் பெரிய பொதுத்தேர்வு. அதில் மலாய்மொழியில் தேறினால்தான் சான்றிதழ். 2013 முதல் வரலாற்றிலும் தேற வேண்டும். மற்றப் பாடங்களில் எத்தனை நன்றாக எழுதியிருந்தாலும் இந்த இரண்டில் ஒன்று போனால் சான்றிதழ் கிடைக்காது.

ஷா ஆலத்தில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். இந்த நகரம் தோட்ட நிலத்தில் எழும்பியது. 1978இல் சிலாங்கூரின் தலைநகரானது. 7ஆம் பிரிவில் உள்ள தமிழ்ப்பள்ளி இன்றும் மிட்லண்ட்ஸ் தோட்டத்தின் பெயரைத் தாங்கி நிற்கிறது. தோட்டத்தை விட்டு வந்த குடும்பங்கள் பல இங்கே அடுக்குமாடி வீடுகளில் வாழ்கின்றன. அப்படி ஒரு வீட்டுப் பெண், முன்னோட்டத் தேர்வில் மலாய்மொழியில் தேறவில்லை.

"போதும் டீச்சர், இவளுக்குப் படிப்பு வரவில்லை. தொழிற்சாலையில் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்" என்றார் அவள் தாயார்.

தாளை வாங்கிப் பார்த்தேன். மக்களிடையே ஒற்றுமையை வளர்ப்பதில் மக்கள் தொடர்புச் சாதனங்களின் பங்கு என்ன என்று விளக்கும்படி கேள்வி கேட்டிருந்தது. அவள் பத்திரிகைக்கு ஒரு பத்தி, வானொலிக்கு ஒரு பத்தி, தொலைக்காட்சிக்கு ஒரு பத்தி என எழுதியிருந்தாள். நம் நாட்டில் தொலைக்காட்சி 1963இல் தொடங்கியது என்பதுகூடச் சரியாக இருந்தது. ஆனால் அவை ஒற்றுமைக்கு என்ன செய்கின்றன என்று ஒரு வரி இல்லை! ஓரத்தில் ஆசிரியர் 'ஹுராயான் குராங்' என்று எழுதியிருந்தார். விளக்கம் போதவில்லை என்று பொருள்.

"கேள்வி என்ன கேட்டது? தமிழிலேயே சொல்லம்மா" என்றேன். இரண்டு முறை படித்தாள். "ஒற்றுமைக்கு என்ன செய்யுது என்று கேட்டிருக்கிறார்கள், டீச்சர்" என்றாள். குறை எங்கே என்று அவளே கண்டுகொண்டாள்.

முழுக் கட்டுரையையும் திரும்ப எழுதச் சொல்லவில்லை. ஒரே ஒரு பத்தி. முதலில் கருத்து: பொய்ச் செய்தியைத் தடுத்து இனங்களுக்கிடையே பகை வராமல் காப்பது. அடுத்து காரணம்: கைப்பேசியில் வதந்தி நொடியில் பரவிவிடுகிறது. பிறகு சான்று: செய்தி உண்மையா என்று பார்க்க 2017இல் அரசு தொடங்கிய 'செபெனார்ஞா' இணையத்தளம். கடைசியில் விளைவு: மக்கள் ஒருவரையொருவர் சந்தேகப்படாமல் வாழ்வார்கள். நாலே வாக்கியம்; விளக்கம் வந்துவிட்டது.

இப்படித் தாளைத் திருப்பிப் பார்க்கும்போது, இழந்த மதிப்பெண்களை மூன்று வகையாகப் பிரித்து ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள்.

ஒன்று, பாடமே தெரியாமல் போனவை. இவற்றுக்குப் புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

இரண்டு, தெரிந்தும் கேள்வியைச் சரியாகப் படிக்காததால் போனவை. இவற்றுக்குக் கேள்வியின் ஏவல் சொல்லை அடிக்கோடிடப் பழக வேண்டும். 'செனாராய்க்கான்' என்றால் பட்டியலிடு. 'ஹுராய்க்கான்' என்றால் விளக்கு. 'பன்டிங்கான்' என்றால் ஒப்பிடு. பட்டியல் கேட்ட இடத்தில் விளக்கினால் நேரம் போகும். விளக்கம் கேட்ட இடத்தில் பட்டியலிட்டால் மதிப்பெண் போகும்.

மூன்று, நேரம் போதாமல் போனவை. மலாய்மொழிக் கட்டுரைத் தாளில் சிறு கட்டுரைக்கு 30, நெடுங்கட்டுரைக்கு 70 மதிப்பெண். பாதி நேரத்தைச் சிறு கட்டுரையிலேயே செலவழித்துவிட்டு நெடுங்கட்டுரையைப் பாதியில் நிறுத்தும் பிள்ளைகள் பலர். வீட்டில் கடிகாரத்தை எதிரே வைத்து எழுதிப் பழகுவதே இதற்கு மருந்து.

அந்தப் பெண்ணின் கணக்கில் இரண்டாம் வகைதான் அதிகம். படிப்பு வராதவள் என்று எண்ணப்பட்டவளுக்குப் பாடம் தெரிந்தே இருந்தது! அதைப் பார்த்ததும் தாயார் வேலைப் பேச்சைத் தள்ளிவைத்தார். எத்தனை 'ஏ' வாங்கினாள் என்று கேட்காதீர்கள். மலாய்மொழியில் தேறினாள், வரலாற்றிலும் தேறினாள், சான்றிதழ் கைக்கு வந்தது.

"எங்களுக்கு மலாய் எழுத்து வராதே, நாங்கள் எப்படிப் பார்ப்பது?" என்பீர்கள். மலாய் வேண்டாம் அம்மா. வேலை முடிந்து வந்து சாப்பிட்ட பிறகு பிள்ளையைப் பக்கத்தில் உட்கார வையுங்கள். "கேள்வி என்ன கேட்டது? நீ என்ன எழுதினாய்? ஆசிரியர் என்ன சொல்கிறார்?" என்று தமிழில் மூன்றே கேள்வி கேளுங்கள். பதில் சொல்லச் சொல்லப் பிள்ளைக்கே தெளிவு பிறக்கும். புரியாத குறிப்பை மறுநாள் ஆசிரியரிடம் கேட்டு வரச் சொல்லுங்கள். திட்டுவதை மட்டும் அன்றைக்கு நிறுத்தி வையுங்கள். திட்டு விழும் என்று தெரிந்தால் பிள்ளை தாளை மறைத்துவிடும். மறைத்த தாளைத் திருத்த முடியுமா?