கத்தரிவால்

ஆங்கிலத்தில் 'ஃபார்ஃபிகேட்' என்று ஒரு பெயரடை இருக்கிறது. கத்தரிக்கோல் போல ஆழமாகப் பிளந்த என்று பொருள். பெரும்பாலும் பறவை வாலுக்குத்தான் வரும். கத்தரிக்கு லத்தீனில் ஃபார்ஃபெக்ஸ். வட அமெரிக்க ஈப்பிடிப்பான் ஒன்றின் அறிவியல் பெயரே டைரனஸ் ஃபார்ஃபிகேட்டஸ்.

கரிச்சானைப் பற்றிய என் கவிதை ஒன்றில் 'கத்தரிவால்' என்று எழுதியிருந்தேன். பிறகு அகராதியில் இந்தச் சொல்லைப் பார்த்தபோது கர்வமாக இருந்தது. நான் கண்டதை லத்தீனும் கண்டிருக்கிறது.

கர்வம் நீடிக்கவில்லை. லின்னேயஸ் 1758இல், பின்புறம் இடுக்கி கொண்ட ஒரு பூச்சிப் பேரினத்துக்கு ஃபார்ஃபிகுலா, அதாவது சின்னக் கத்தரி, என்று பெயர் வைத்தார். அந்த இடுக்கி வெட்டுவதற்கில்லை, பற்றுவதற்கு. இரண்டு அலகுகள் உரசிக் கடக்கும்போதுதான் கத்தரி கத்தரியாகிறது. பெயரடையோ திறந்து வைத்த உருவத்தோடு நின்றுவிடுகிறது. என் வரியும் அங்கேதான் நின்றிருந்தது.

ஊரில் கரிச்சானை இரட்டைவால் குருவி என்பார்கள். உவமை கிடையாது, எண்ணிக்கைதான். அதுவும் தப்புக் கணக்கு. வாலில் பத்து இறகுகள். ஓரத்து இறகுகள் நீண்டு வெளியே வளைவதால் இரண்டாகத் தெரிகிறது. ஆனால் அந்தப் பிழை பறவையைப் பார்த்ததால் நேர்ந்தது. என்னுடையது கத்தரியைப் பார்த்ததால்.

கவிதையிலிருந்து 'கத்தரி'யை நீக்கிவிட்டேன். வால் மட்டும் இருக்கிறது. வரி தளர்ந்துவிட்டது என்றார் நண்பர். தளர்ந்துதான் இருக்கிறது. இன்னும் பார்க்க வேண்டும்.