வால்டியும் ஆறு வாசலும்

நாய்னாலே எனக்குப் பயம். ஆறாவது படிக்கும்போது தெருநாய் ஒன்று கெண்டைக்கால் சதையைப் பதம் பார்த்து, வரிசையாக ஊசி போட்டுக்கொண்ட பரம்பரை நான். அப்படிப்பட்டவனை ஒரு நாயோட டிரெய்ன் ஏத்தி விட்டால்?

2022 அக்டோபர். ஜெர்மனியில், வூர்ட்ஸ்பர்க்கில் படித்துக்கொண்டிருந்தேன். நான் மாடி ரூமில். கீழே ஹவுஸ் ஓனர் பாட்டியும் வால்டியும். வால்டி, டாஷ்ஹண்ட் ஜாதி. பெஞ்ச் மாதிரி நீளமான உடம்பு, ஜாண் உயரத்துக்குக் கால். 1972 மியூனிக் ஒலிம்பிக்கின் சின்னமே வால்டி என்கிற டாஷ்ஹண்ட்தான். நம்ம ஊர் 'மணி' மாதிரி அங்கே அந்தப் பேர்.

பாட்டிக்கு முட்டி ஆபரேஷன். ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது என் கையில் வாரைக் கொடுத்தார். "வருஷா வருஷம் இந்த மாசம் ரோத்தன்பர்க் போவோம். கோட்டைச் சுவரில் என் வீட்டுக்காரர் பேர் இருக்கு. இந்தத் தடவை என்னால படி ஏற முடியாது. வால்டியைக் கூட்டிட்டுப் போய், அந்தப் பேர் பக்கத்துல வச்சு ஒரு போட்டோ எடுத்துட்டு வா."

தாத்தா இறந்து ரெண்டு வருஷம். எப்படி பாஸ் முடியாதுன்னு சொல்றது?

வால்டியைப் பையில் உட்கார வைத்துக் கிளம்பினேன். சின்ன நாய் பைக்குள் இருந்தால் ரயிலில் டிக்கெட் கிடையாது; பெரிய நாய் என்றால் பாதி டிக்கெட், வாயில் மூடி. (நாய் வளர்க்க அங்கே வரி வேற கட்டணும்!) ஆறு மாசமா வணக்கத்துக்கு மேல் ஒரு வார்த்தை பேசாத ஊர், அன்னிக்கு டிரெய்னில் என்னிடம் பேசியது. முதலில் நாயிடம், அப்புறம் என்னிடம். அதன் வயசு என்ன, பேர் என்ன, பின்னங்கால் ஏன் இழுக்குது... என் பேரை மட்டும் யாரும் கேட்கலை!

ஸ்டைனாக்கில் வண்டி மாறி இறங்கி, பத்து நிமிஷம் நடந்தால் ரோடர் வாசல். உள்ளே கூம்புக் கூரை வீடுகள், கல் பாவிய தெரு, ஊரைச் சுற்றி மதில். மதில் மேலே கூரை போட்ட நடைபாதை. ரெண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருத்தர் ஒதுங்கணும். படியில் வால்டி ஏறவே மாட்டேன் என்றது. தூக்கிக்கொண்டேன். வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு நாய் என் நெஞ்சில்! அதன் இதயத்தைவிட என்னுது வேகமாக அடித்தது.

பார்க்க அப்படியே மத்திய காலம். ஆனால் ஒரு பகுதி புதுசு. 1945 மார்ச் 31-ம் தேதி அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டதில், பழைய ஊரில் சுமார் 40 சதவீதம் சேதம். மதிலிலும் ஒரு பெரிய நீளம் போச்சு. உலகம் பூரா ஆட்கள் பணம் அனுப்ப, திரும்பக் கட்டினார்கள். பணம் கொடுத்தவர்களின் பேர் கல்லில் வெட்டி மதிலில் பதித்திருக்கிறது, எத்தனை மீட்டருக்கு என்பதோடு. ஜப்பான்காரர் பேர் எக்கச்சக்கம்.

கீழே இறக்கிவிட்டு ஒவ்வொரு கல்லாகப் படித்துக்கொண்டே போனேன். தாத்தா பேர்! ஒரு மீட்டர். போனை எடுக்க வாரை விட்டேன்.

திரும்பிப் பார்த்தால் நாய் இல்லை.

ஏற மறுத்த அதே பய, படியில் தடதடவென்று இறங்கி ஓடியிருக்கிறான். "வால்டி! டேய் வால்டி! வாடா!" கத்துகிறேன், தமிழில். ஜெர்மன் நாய்க்கு என்ன புரியும்? பாட்டி முகம் கண் முன்னாடி. ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் கேட்கப் போகிற முதல் கேள்வி எது என்று தெரியாதா?

இனிப்புக் கடை அம்மா ஒருத்தர் நிறுத்தி விசாரித்தார். "பதறாதே. ஊரைச் சுத்தி மதில். வாசல் மொத்தம் ஆறுதான். வெளியே போகலைன்னா உள்ளேதான் இருக்கும்."

முதலில் ரோடர் வாசல். இல்லை. ஊரைக் குறுக்கே கடந்து மேற்கே பர்க் வாசல். அதன் பெரிய கதவுக்குள் ஒரு குட்டிக் கதவு இருக்கிறது. ராத்திரி வாசல் அடைத்த பிறகு ஒவ்வொரு ஆளாக அதில் குனிந்துதான் நுழையணுமாம். நம்ம ஹாஸ்டல் கேட்டே தேவலை! மேலே ஒரு கல் முகம். எதிரி வந்தால் அதன் வாய் வழியாகக் கொதிக்கிற தாரை ஊற்றுவார்களாம். சாதாரண நாளில் பத்து போட்டோ எடுத்திருப்பேன். அன்னிக்கு அதையும் தாண்டி, மூச்சிரைக்க, "டாஷ்ஹண்ட்... பிரவுன்..." என்று போகிற வருகிறவர்களை எல்லாம் நிறுத்திக்கொண்டிருந்தேன்.

முக்கால் மணி நேரம். மார்க்கெட் பக்கம் ஒரு கறிக்கடை. வாசலில், 'நாங்கள் வெளியே நிற்கணும்' என்று நாய்ப் படம் போட்டு அங்கே கடைகளில் மாட்டுவார்களே, அந்த போர்டுக்கு நேர் கீழே ஐயா உட்கார்ந்திருக்கிறார். சட்டப்படி!

அழுதுட்டேன். கடைக்கார அம்மா சாசேஜ் துண்டோடு வெளியே வந்தார். "இது வால்டிதானே? அந்தப் பெரியவர் வருஷா வருஷம் இங்கே நிறுத்தி வாங்கித் தருவாரே. நீங்க யாரு? அந்த அம்மா எங்கே?"

என் உடைஞ்ச ஜெர்மனில் சொன்னேன். பெரியவர் இறந்தது அவருக்குத் தெரியாது. கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசலை. உள்ளே போய் ஒரு பொட்டலம் கட்டி வந்து, காசு வாங்காமல் என் பையில் வைத்தார்.

மறுபடி மதில். மறுபடி தூக்கல். வாரை மணிக்கட்டில் மூணு சுத்து சுத்திக்கொண்டு எடுத்த போட்டோவில் தாத்தா பேர் தெளிவாக இருந்தது, வால்டி பாதிதான்.

ரெண்டு நாள் கழித்து ஆஸ்பத்திரியில் பாட்டி அந்தப் போட்டோவை ரொம்ப நேரம் பார்த்தார். அப்புறம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"கறிக்கடைக்குக் கூட்டிட்டுப் போனியா?"

"அவன்தான் என்னைக் கூட்டிட்டுப் போனான்" என்றேன்.