பார்த்தால் கெடாது

கதை எழுதுகிறவனுக்கு உலகத்தில் எல்லாம் தெரிந்திருக்கும் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அந்த நினைப்பு நீடிப்பதில் எங்களுக்கும் ஒரு சௌகரியம் உண்டு. ஆனால் 2022-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 'இண்டர்நெட் எக்ஸ்புளோரர்' ஓய்வு பெற்றது என்ற செய்தியைப் படித்தபோது, அதன் நீல எழுத்துக்கு முன்னால் நான் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நாள் ஞாபகத்துக்கு வந்துவிட்டது.

அது 2003-ஆம் வருஷம். கல்லூரிப் படிப்பைப் பாதியில் விட்டிருந்தேன். இரண்டு கதைகள் அச்சாகியிருந்தன. ஆகவே தலைக்கனத்துக்குக் குறைவில்லை. மூன்றாவது கதை இணையத்தில் வந்திருப்பதாக ஓர் ஆசிரியர் கார்டு போட்டு, அடியில் இங்கிலீஷில் ஒரு முகவரியும் எழுதியிருந்தார்.

கும்பகோணம் பெரிய தெருவில் ஒரு மாடியில் 'பிரௌசிங் சென்டர்' இருந்தது. மணிக்கு 30 ரூபாய். அதைப் பார்த்துக்கொண்ட பையனுக்குப் பதினெட்டு வயது இருக்கும். அவனிடம் கேட்கச் சங்கோஜப்பட்டு, தெரிந்தவன் போல உட்கார்ந்தேன். மௌஸை நகர்த்தினேன். மேஜை முடிந்துவிட்டது, அம்பு பாதி வழியில் நின்றது. தபால் உறையில் எழுதும் பழக்கத்தில், முகவரியின் நடுவே இடமும் காற்புள்ளியும் விட்டு அடித்தேன். ஒன்றும் வரவில்லை.

பையன் சிரிக்கவில்லை. "மௌஸைத் தூக்கி இந்தப் பக்கம் வைங்க சார். முகவரியில இடம் விடக்கூடாது, புள்ளி மட்டும்தான்" என்றான்.

இந்தத் தடவை பக்கம் வந்தது. ஆனால் என் கதை இருக்கவேண்டிய இடத்தில் கட்டங்களும் கேள்விக்குறிகளும், தொப்பி போட்ட இங்கிலீஷ் எழுத்துகளும் இறைந்து கிடந்தன.

"ஐயையோ, எதையோ தட்டிக் கெடுத்துவிட்டேனா?" என்றேன்.

"இல்லை சார், எழுத்துரு இல்லை. ஒவ்வொரு தமிழ்த் தளத்துக்கும் ஒரு எழுத்துரு. இறக்கிப் போட்டா சரியாயிடும்."

யூனிகோடு இன்னும் பரவாத காலம் அது. எழுத்துருவை இறக்கினான், என் தமிழ் உயிர் பெற்றது. அப்புறம் சாவகாசமாக ஒரு விஷயம் சொன்னான்: "நாம அங்கே போறதில்லை சார். பிரௌசர் போய்க் கேட்குது. அங்கே இருக்கிற கம்ப்யூட்டர் ஒரு நகல் கொடுத்தனுப்புது. நகலைத்தான் பார்க்கிறோம். நீங்க பார்த்தா அங்கே இருக்கிறது கெடாது. தைரியமாத் தட்டுங்க."

அந்தத் தைரியத்தில் தினமும் போனேன்.

பிளஸ் டூ முடிவு வந்த காலையில் மாடிப்படியெல்லாம் கூட்டம். யார் யாருடைய எண்ணையோ அடித்து, மதிப்பெண்ணை அச்செடுத்துக் கொடுத்துக்கொண்டே இருந்தான் பையன். மத்தியானம் கடை காலியாயிற்று. அவன் மட்டும் நாற்காலியில் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

"நீயும் எழுதினாயா, தம்பி?"

"போன வருஷம் கணக்கில் போச்சு சார். திரும்ப எழுதினேன்." சட்டைப் பையிலிருந்து நுழைவுச் சீட்டை எடுத்து நீட்டினான். "என்னால முடியலை. நீங்க போடுங்களேன்."

எண்ணை நான் அடித்தேன். ஒருவர் துணையுமில்லாமல் நான் செய்த முதல் காரியம் அது. பக்கம் மேலிருந்து கீழாக, அங்குலம் அங்குலமாக இறங்கியது. முதலில் பெயர் வந்தது. அவன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

"பார், தம்பி. பார்த்தால் அங்கே இருக்கிறது கெடாது என்று நீதானே சொன்னாய்? பார்க்காவிட்டால் அது திருந்தப் போவதுமில்லை."

அவன் திரும்புவதற்குள் கடைசி வரியும் வந்துவிட்டது. கணக்கில் 200-க்கு 83. தேறிவிட்டான்.

ஆசிரியர்களிடமிருந்து பதில் வந்தால் இன்றைக்கும் உடனே திறக்க எனக்குக் கை வருவதில்லை. அப்போதெல்லாம் அந்த மாடியை நினைத்துக்கொண்டு திறந்துவிடுகிறேன்.

அன்று கிளம்பும்போது 30 ரூபாயை நீட்டினேன். பையன் வாங்கவில்லை. தன் பையிலிருந்து எடுத்து முதலாளியின் மேஜை டிராயரில் போட்டான்.

"இன்னைக்குக் கணக்கு என்னோடது சார்" என்றான்.