திவார்த் தீவில் இரண்டு படகுகள்

கோவாவுக்கு வரும் நம்மவர் பெரும்பாலும் கோயில்களையும் கடற்கரையையும் கண்டுவிட்டு ஊர் திரும்பி விடுகின்றனர். மண்டோவி ஆற்றின் நடுவே கிடக்கும் திவார்த் தீவுக்குச் செல்வோர் சிலரே. சென்ற தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்குச் செல்லும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. சென்றது காட்சி காண்பதற்கு அன்று, படகு வாங்குவதற்கு. வாங்குபவன் நான் அல்லேன். ரயில்வே குமாஸ்தாவின் சம்பளத்தில் படகு ஏது?

வாங்க வந்தவர் தூத்துக்குடி அண்ணாச்சி. முப்பதாண்டுகள் சரக்குக் கப்பல்களில் என்ஜின் பார்த்து ஓய்வு பெற்று, மட்காவில் குடியிருப்பவர். அவருடைய பாட்டனார் கொழும்புக்குத் தோணி ஓட்டியவர். தாமும் மதினியோடு பாய்மரப் படகிலேயே கன்னியாகுமரியைச் சுற்றித் தூத்துக்குடி சேர வேண்டும் என்பது அவருடைய நெடுநாள் ஆசை. அதற்காக ஊரிலிருந்த பனங்காட்டை விற்றிருந்தார். அது மதினிக்குச் சீதனமாக வந்த காடு. ஆகவே இது விளையாட்டுக் காரியம் அன்று.

மூவரும் மட்காவில் ரயிலேறி, ஜுவாரி ஆற்றுப் பாலத்தைக் கடந்து, கர்மாலியில் இறங்கினோம். அங்கிருந்து பழைய கோவா அருகிலேயே உள்ளது. வைஸ்ராய் வளைவைத் தாண்டியதும் படகுத்துறை. மோட்டார் சைக்கிள்களும் காய்கறிக் கூடைகளும் நெருங்கி நிற்க, சில நிமிடங்களில் அக்கரை சேர்ந்தோம். வயல்களும், குன்றின் மேல் வெண்மையான மாதா கோவிலுமாக அமைதியான தீவு. நமது கடற்படையின் மாதேய், தாரிணி என்னும் பாய்மரப் படகுகள் இரண்டும் இத்தீவில்தான் கட்டப்பட்டன. மாதேயில் சென்ற திலீப் தோந்தே, 2010-ஆம் ஆண்டில், தனியொருவராக உலகைச் சுற்றிய முதல் இந்தியர் ஆனார். கேரளத்துத் தில்னாவும் நம் புதுச்சேரி ரூபா அழகிரிசாமியும் 2024 அக்டோபர் 2-ஆம் நாள் தாரிணியில் கோவாவிலிருந்து புறப்பட்டு, உலகைச் சுற்றி, 2025 மே 29-ஆம் நாள் திரும்பி வந்தனர்.

நாங்கள் பார்க்க வந்த படகுகள் கரையில் முட்டுக் கொடுத்து நிறுத்தப்பட்டிருந்தன. இரண்டும் 32 அடி நீளம், பழையவை, விலையிலும் பெரிய வேறுபாடில்லை. ஏறிப் பார்த்ததும் முதற்படகின்மேல் எனக்குக் காதலே உண்டாயிற்று. 11 அடி அகலம், இரண்டு படுக்கையறைகள், முதல் வகுப்புப் பெட்டியைப் போன்ற வசதி. மற்றதோ 9½ அடி அகலமே. உள்ளே இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் ஒதுங்க வேண்டும்.

“தம்பி, படகை மேலே பார்க்காதே, கீழே வந்து பார்” என்றார் அண்ணாச்சி. தோணிக்காரர் ‘ஏரா’ என்று சொல்லும் அடிக்கட்டை, முதற்படகில் மீனின் துடுப்புப்போலக் குறுகி, நீருக்குள் 4 அடி இறங்கும். மற்றதில் படகின் நீளத்துக்கும் ஓடி, 5 அடி ஆழம் செல்லும். முதற்படகின் நாலரை டன் எடையில் அடிப்பாரம் ஒன்றேகால் டன்; மற்றதன் ஐந்து டன்னில் அது இரண்டு டன்.

வேகத்துக்கும் ஒரு கணக்குச் சொன்னார். நீர்மட்டத்தில் படகின் நீளம் எத்தனை அடியோ, அதன் வர்க்கமூலத்தை 1.34-ஆல் பெருக்கினால், மணிக்கு இத்தனை கடல் மைல் என்பது ஏறக்குறையக் கிடைக்கும். முதற்படகுக்கு 28 அடி. ஆகவே ஏழு மைல். மற்றதற்கு 24 அடி, ஆறரை மைல். “அரை மைலுக்காகப் பயந்து சாக முடியுமா?” என்று சிரித்தார். 1979-இல் இங்கிலாந்தின் பாஸ்ட்நெட் பந்தயத்தில் 303 படகுகள் புறப்பட்டன. புயலில் 15 பந்தய வீரர்கள் மாண்டனர். மிகச் சிறிய படகுகளின் வகுப்பில் பந்தயத்தை முடித்தது ஒன்றே ஒன்று. அது அகலம் குறைந்து அடி கனத்த 32 அடிப் படகு. அகன்று இலேசான படகு தலைகீழானால் அப்படியே கிடக்க நேரும் என்ற பாடம் அன்று பலருக்கு விளங்கியது என்றார்.

ஆயினும் முதற்படகுக்கும் நியாயம் உண்டு. மண்டோவியின் முகத்தில் அகுவாதா மணல்திட்டு இருக்கிறது. ஆழம் குறைந்த ஆற்றுக்கு 4 அடிப் படகே ஏற்றது. மற்றது, ஒற்றைத் தண்டவாளத்தில் எதிர்வண்டிக்குக் காத்திருக்கும் ரயிலைப்போல, ஏற்றத்துக்குக் காத்திருக்க நேரும். விருந்தினரை ஏற்றிக்கொண்டு ஆற்றில் உலவுவதென்றால் முதற்படகையே நான் பரிந்துரைப்பேன்.

இப்படி நாங்கள் வாதாடிக் கொண்டிருக்க, அதுவரை பேசாதிருந்த மதினி கேட்டார்: “நடுக்கடலில் உங்களுக்குக் காய்ச்சல் கண்டு நீங்கள் படுத்துவிட்டால், இவற்றுள் எதை நான் ஒருத்தியாகக் கரை சேர்ப்பேன்?”

அண்ணாச்சி வாயடைத்து நின்றார். பல்லாண்டுக் கப்பல் அனுபவத்தில் அவர் எண்ணிப் பாராத கேள்வி அது. மார்கழி, தை மாதங்களில் கன்னியாகுமரிக்கு அப்பால் வாடைக்காற்று வலுத்து வீசும். அங்கே சுக்கானை ஓயாமல் திருத்த வேண்டிய படகு, தனியாக இருப்பவரைக் களைக்க வைத்துவிடும். நீண்ட ஏரா உள்ள படகோ, பாய்களைச் சரிசெய்து சுக்கானைக் கட்டிவிட்டால், பெரும்பாலும் தன் திசையிலேயே செல்லும்.

தீர்மானம் மதினியுடையதாயிற்று. ஆனாலும் உடனே பணம் கொடுக்கவில்லை. எங்கள் நிலையத்தில் வண்டிச் சக்கரத்தைத் தட்டிப் பார்ப்பதுபோல, அண்ணாச்சி சிறு சுத்தியலால் படகு முழுவதையும் தட்டினார். மேல்தளத்தில் ஓரிடம் பொத்தென்று ஒலித்தது. உள்ளே நீர் ஊறியிருந்தது. பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளும் பழையவை. இரண்டையும் காட்டி விலையைக் குறைத்தார். அடுத்த ஞாயிறு, படகை நீரிலிறக்கி, பிற்பகல் கடற்காற்றில் மதினியே ஒரு மணி நேரம் சுக்கான் பிடித்த பிறகே முன்பணம் கைமாறியது.

படகு நம்மில் பலர் வாங்கும் பொருள் அன்று. எனினும் வெளியூரில் உழைத்துச் சேர்த்த பணத்தில் வீடோ மனையோ வாங்க எண்ணும் அன்பர்கள், அதில் நம்மோடு வாழப்போகிறவரின் கேள்வியை முதலில் கேட்பது நலம். நாங்கள் அதைக் கடைசியில்தான் கேட்டோம்.