வண்டி எப்படி நிற்கும்?



போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பச்சைக் கார் பக்கத்தில் கூலிங் கிளாஸ் போட்டு நான் நிற்கும் படத்தைப் போட்டாலும் போட்டேன், "சார், கார் வாங்கிட்டீங்களா?" என்று ஆளாளுக்குக் கேட்டுவிட்டீர்கள். தனித்தனியாகப் பதில் எழுத விரல் ஒத்துழைக்கவில்லை. மொத்தமாக இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளம்தான். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களுக்கு அது புதிதல்ல.

கார் என்னுடையது இல்லை. டெட்ராய்ட் பக்கம் இருக்கும் என் மகனுடையது. 1969ஆம் வருடத்து செவர்லே கமாரோ. அது தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தபோது நான் அரை டவுசர் போட்டுப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தேன்.

இந்த மாதிரிக் கார்களை இங்கே "மசில் கார்" என்கிறார்கள். 1964இல் போன்டியாக் நிறுவனம் நடுத்தர அளவுக் காருக்குள் 389 கன அங்குல எஞ்சினைத் தூக்கி வைத்து ஜிடிஓ என்று விற்றது. ஏறக்குறைய 6.4 லிட்டர். நான் வருடக்கணக்காக ஓட்டிய டிவிஎஸ் 50 நினைவிருக்கிறதா? அதைப்போல 127 எஞ்சின்கள்! அதே வருடம் ஏப்ரலில் ஃபோர்டு மஸ்டாங் வந்தது. அதற்குப் பதிலடியாக 1966 கடைசியில் செவர்லே இறக்கியதுதான் கமாரோ. பிறகு புகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது, இன்ஷூரன்ஸ் ஏறியது, 1973இல் பெட்ரோல் நெருக்கடியும் சேர்ந்துகொண்டது. அந்தக் காலம் முடிந்துபோனது. ஆனால் ஆசை முடியவில்லை. பழைய உடம்பை வைத்துக்கொண்டு உள்ளே எஞ்சின், கியர் பாக்ஸ், பிரேக் எல்லாம் புதிதாக மாற்றுகிறார்கள். அதற்குப் பெயர் "ரெஸ்டோமாட்". கண்ணில் லென்ஸ், வலது முட்டியில் உலோகம் என்று இருக்கும் நானும் அந்த ரகம்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நாங்கள் வந்து இறங்கிய வாரமே மருமகள் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னாள். "மாமா, இவரு ஆறு வருஷமா சேர்த்த காசை ஒரு பழைய கார்ல போடப் போறாரு. நீங்களாவது சொல்லுங்க." விலையைக் கேட்டேன். 62 ஆயிரம் டாலர். ரூபாயில் பெருக்கக் கூடாது என்று தெரிந்தும் பெருக்கினேன். ஐம்பது லட்சத்துக்கு மேல் வந்தது. அன்றைக்கு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அதனால் மகன் காரைப் பார்க்கக் கூப்பிட்டபோது உடனே கிளம்பினேன். உதவுவதற்காக இல்லை, எப்படியாவது தடுப்பதற்காக. ஃபிரிட்ஜில் பேத்தி ஒட்டி வைத்திருந்த காந்தம் ஒன்றைக் கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

கடையில் நின்ற கார் சிவப்பு. நடுவில் இரண்டு கறுப்புப் பட்டை. பார்த்தால் முகம் தெரியும் பளபளப்பு. எஞ்சின் புதிது, 6.2 லிட்டர், 430 குதிரை சக்தி. மகன் முகத்தைப் பார்த்தேன். பொங்கலுக்குப் புதுச்சட்டை வாங்கிய பையன் முகம்.

விற்பவர் சக்தியைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். நான் என் ஆங்கிலத்தில் ஒரே கேள்வி கேட்டேன். "வண்டி எப்படி நிற்கும்?" அவர் சிரித்தார். பிறகு சொன்னார்: பிரேக் மட்டும் பழையதுதான், நான்கு சக்கரத்திலும் டிரம்.

பிள்ளைகளே, பத்தாம் வகுப்புப் பாடம். இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்த்தகவில் இருக்கும். 30 மைல் வேகம் 60 ஆனால் பிரேக் விழுங்க வேண்டிய ஆற்றல் இரண்டு மடங்கு இல்லை, நான்கு மடங்கு. அத்தனையும் வெப்பமாகிறது. டிரம் சூடானால் விரிந்து, உள்ளே அழுத்தும் பட்டையை விட்டு விலகும். பட்டையும் சூட்டில் பிடிப்பை இழக்கும். மிதிக்க மிதிக்கக் கால் கீழே போகும், வண்டி நிற்காது. டிஸ்க் பிரேக் காற்றில் திறந்து இருப்பதால் சீக்கிரம் ஆறும். ஓடும் சக்தியை ஏற்றிவிட்டு நிற்கும் சக்தியை அப்படியே விட்டால் அது மேம்படுத்திய வண்டி ஆகாது.

அடுத்து காந்தத்தை எடுத்தேன். பின்சக்கரத்துக்கு மேலே, கீழ் விளிம்பில் வைத்தேன். பொத்தென்று விழுந்தது. பெயிண்டுக்கு அடியில் இரும்பு இல்லை, துரு தின்ற இடத்தை அடைத்த பூச்சு. இந்தக் காரில் முன்பக்கம்தான் தனிச் சட்டம். பின்பக்கத்தில் உடம்பேதான் எலும்பு. கடைசியாக, கண்ணாடிக்கு அடியில் இருக்கும் அடையாள எண்ணைப் படித்தேன். வெளியே எஸ்எஸ் என்று பட்டயம். எண்ணோ 123 என்று தொடங்கியது. 1969இல் 124 என்றால் எட்டு சிலிண்டர், 123 என்றால் ஆறு சிலிண்டராகப் பிறந்த கார். கடைக்காரர் அதைச் சொல்லவே இல்லை.

வெற்றி என்று நினைத்தேன். திரும்பும் வழியெல்லாம் மகன் பேசவில்லை. வீட்டு வாசலில் வண்டியை நிறுத்திவிட்டு, முன்னாலேயே பார்த்தபடி சொன்னான். "தப்புக் கண்டுபிடிக்கத்தான் வந்தீங்களாப்பா? அந்த நோட்டைக் கிழிச்சது பத்தலையா?"

எந்த நோட்டு என்று எனக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது உடம்பு சில்லிட்டது.

ஒன்பதாம் வகுப்பு. என் வகுப்பிலேயே படித்தான். இயற்பியல் நோட்டின் கடைசிப் பக்கங்களில் வெளிநாட்டுக் கார்களாக வரைந்து வைத்திருந்தான். வாத்தியார் மகனுக்குச் சலுகை கொடுக்கிறேன் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதே என்ற வீறாப்பில், எல்லார் முன்னாலும் கிழித்து ஜன்னலுக்கு வெளியே போட்டேன். உங்களில் சிலர் அன்றைக்கு அந்த வகுப்பில் இருந்தீர்கள். நான் மறந்துவிட்டேன். அவன் முப்பது வருடத்துக்கு மேல் மறக்கவில்லை.

அன்றிரவு தூக்கம் இல்லை. பிரேக்கைப் பற்றி நான் சொன்னது சரி. ஆனால் எதற்காகச் சொன்னேன் என்பது சரியில்லை.

காலையில் மருமகளிடம் சொன்னேன். "நான் தடுக்கலைம்மா. சரியான வண்டியா வாங்க வைக்கிறேன்." அவள் யோசித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டாள். தோளோடு சேர்ந்த பெல்ட் பின்சீட்டிலும் இருக்க வேண்டும். பழைய காரில் பின்னால் இடுப்புப் பெல்ட் மட்டும்தான்.

இரண்டு வாரம் அப்பாவும் மகனும் சேர்ந்து படித்தோம். வெள்ளைத்தாளில் பட்டியல் போட்டோம். பிரேக், ஸ்டீயரிங், அடித்தளத் துரு, ரேடியேட்டர், பெட்ரோல் குழாய், வயரிங், ஒவ்வொரு வேலைக்கும் ரசீது. பணம் கொடுப்பதற்கு முன் வெளி மெக்கானிக் ஒருவர் பார்த்துச் சொல்ல வேண்டும். இன்ஷூரன்ஸில் காரின் மதிப்பை முன்கூட்டியே பேசி எழுதிக்கொள்ள வேண்டும். இல்லையென்றால் விபத்து நடந்தால் பழைய கார் விலைதான் கைக்கு வரும்.

இரண்டாவது காரை ஒஹையோவில் ஒரு பெரியவர் வீட்டில் பார்த்தோம். பச்சை நிறம், அங்கங்கே மங்கல். பிக்கப் வண்டியிலிருந்து எடுத்த 5.3 லிட்டர் எஞ்சின். சக்தி குறைவு. ஆனால் நான்கு சக்கரத்திலும் டிஸ்க், நான்கு சீட்டிலும் தோள் பெல்ட். ஒரு செருப்புப் பெட்டி நிறைய ரசீது. நான் காந்தத்தை எடுப்பதற்குள் அவரே ஓர் இடத்தைத் தொட்டுக் காட்டி, "இங்கே இரண்டு அங்குலம் பூச்சு இருக்கிறது" என்றார். எண் இதிலும் 123தான். "ஆறு சிலிண்டராகப் பிறந்தது, இதே மாநிலத்தில் நார்வுட் ஆலையில்" என்று அதையும் அவரே சொன்னார். ஏன் விற்கிறீர்கள் என்று கேட்டேன். இடது முட்டியைத் தட்டிக் காட்டினார். கிளட்ச் மிதிக்க முடியவில்லையாம். நான் என் வலது முட்டியைத் தட்டிக் காட்டினேன். அதற்கு மேல் எங்களுக்கு ஆங்கிலம் தேவைப்படவில்லை.

ஆளில்லாத சாலையில் மகன் 60 மைல் வரை போய் பிரேக்கை அழுத்தினான். வண்டி இடது வலது இழுக்காமல், கோடு போட்ட மாதிரி நேராக நின்றது. மெக்கானிக்கும் சரி என்றார். 48 ஆயிரம் டாலருக்கு முடிந்தது. மீதிப் பணம் மருமகள் கைக்குப் போனது.

முதல் நாள் உட்வர்ட் அவென்யூவில் ஓட்டினான். ஆகஸ்டில் இந்த மாதிரிப் பழைய கார்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலம் போகும் சாலை அது. பக்கத்தில் நான். எஞ்சின் சத்தத்தில் காது அடைத்தது. இப்போது விட்டால் எப்போதும் சொல்ல மாட்டேன் என்று தோன்றியது.

"டேய், அந்த நோட்டுக்கு மன்னிச்சுக்கோடா" என்றேன்.

சிக்னலில் நின்றோம். அவன் என் பக்கம் திரும்பி, "விடுங்கப்பா. பெல்ட்டை ஒழுங்கா மாட்டுங்க" என்றான்.

பிள்ளைகளே, அந்தக் கடைசிப் பக்கத்தில் படம் வரைந்து என்னிடம் அடி வாங்கியவர்கள், நோட்டைப் பறிகொடுத்தவர்கள் உங்களில் எத்தனை பேர் என்று எனக்குத் தெரியாது. கீழே எழுதுங்கள். யார் என்ன வரைந்தீர்கள் என்று இப்போதாவது பார்க்கிறேன்.

அன்புடன்,
உங்கள் இயற்பியல் வாத்தியார்