பூட்டு அறியாத மரம்

ஒரு நிறுவனத்தின் துறை அமைப்பு காகிதத்தில் மரமாகத் தெரிகிறது. தரவுத்தளத்திலோ தனித்தனிப் பதிவுகளாகவே இருக்கிறது. ஒவ்வொரு பதிவும் தனக்கு நேர் மேலே உள்ள துறை எது என்பதை மட்டுமே குறித்து வைத்திருக்கும். முழு மரத்தை எந்தப் பதிவும் அறியாது.

தலைமையகத்தின் நேரடிப் பொறுப்பில் நிதித்துறையும் கொள்முதல் துறையும் இருப்பதாகக் கொள்வோம். மும்பையில் ஓர் அலுவலர் கொள்முதலை நிதித்துறையின் கீழ் மாற்றுகிறார். அதே வேளையில் கொல்கத்தாவில் மற்றொருவர் நிதித்துறையைக் கொள்முதலின் கீழ் மாற்றுகிறார். மாற்றத்தால் சுழற்சி உண்டாகுமா என்று மென்பொருள் இருமுறையும் சோதிக்கிறது. இரு சோதனைகளும் பழைய நிலையையே காண்பதால் இரண்டும் தேறிவிடுகின்றன. திருத்தப்படுபவை வெவ்வேறு பதிவுகள். ஆகவே பூட்டுகளும் மோதுவதில்லை. முடிவில் இரு துறைகளும் ஒன்றுக்கொன்று மேலாகவும் கீழாகவும் அமைந்து, வேரிலிருந்து அறுந்து நிற்கின்றன. தலைமையகத்திலிருந்து கீழிறங்கித் திரட்டப்படும் அறிக்கையில் அவற்றின் ஊழியர் ஒருவரும் இடம்பெறார். தலைமையக ஒப்புதலுக்காக மேலேறும் விண்ணப்பமோ அவ்விரண்டுக்கிடையே சுற்றிக்கொண்டே இருக்கும்.

படிநிலைத் தரவுக்குப் பூட்டிடும் முறையை 1975இல் ஐ.பி.எம். சான் ஹோசே ஆய்வகத்தைச் சேர்ந்த ஜிம் கிரேயும் சக ஆய்வாளர்களும் விளக்கினர். ஒரு பதிவைப் பூட்ட விரும்புபவர், அதை உள்ளடக்கிய தரவுத்தளத்திலும் கோப்பிலும் முதலில் ‘இன்டென்ஷன் லாக்’ என்னும் நோக்கப் பூட்டை இட வேண்டும். முழுக் கோப்பையும் பூட்ட வருபவர், உள்ளிருக்கும் ஒவ்வொரு பதிவையும் துழாவாமல், மேல்மட்டத்திலேயே அதைக் கண்டு காத்திருப்பார். ஆயினும் அம்முறை காப்பது தரவுத்தளம், கோப்பு, பதிவு என்னும் சேமிப்பின் படிநிலையை. பதிவுகளுக்குள் நிறுவனம் எழுதிவைத்த படிநிலை அதற்குத் தெரியாது.

அதைக் காப்பது மென்பொருளை எழுதுபவரின் கடமை. துறையை இடம் மாற்றும் ஒவ்வொரு செயலும் முதலில் வேர்ப் பதிவைப் பூட்டி, அதன்பின்னரே மேலுள்ள துறைகளைப் புதிதாகப் படித்துச் சோதிப்பது எளிய வழி. அப்போது இடமாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாகவே நிகழும். துறைகள் அன்றாடம் இடம் மாறுவதில்லை. ஆகவே அந்தக் காத்திருப்பு சிறிய விலையே.

எந்தப் பூட்டு எதனுடன் பொருந்தும் என்னும் அட்டவணையை மாணவர்கள் தேர்வுக்காக மனப்பாடம் செய்கின்றனர். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: மீறப்படக் கூடாத விதி எத்தனை பதிவுகளைச் சார்ந்திருக்கிறது? ஒரு பதிவை மட்டும் காக்கும் பூட்டு, பல பதிவுகளைச் சார்ந்த விதியைக் காக்காது.