உற்சவர் கிட்டார்



"வீட்டில் அருமையான கிட்டார் ஒன்று இருக்கிறதே. பிறகு எதற்கு 280 வெள்ளி கொடுத்து இன்னொன்று?" என்று ஆசிரியர் அறையில் ஒரு நண்பர் கேட்டார். கேள்வி நியாயமானதே. கிள்ளானில் வாழும் ஒரு தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கு 280 வெள்ளி சிறிய தொகையன்று. அவருக்கு அன்று இரண்டு வரியில் சொன்ன விடையை இங்கே சற்று விரித்து எழுதுகிறேன்.

வீட்டில் இருப்பது என் தந்தையாரின் கிட்டார். எங்கள் தாத்தா காப்பார் பக்கத்துத் தோட்டத்தில் கித்தா மரம் சீவியவர். "எனக்குக் கித்தா, என் மகனுக்குக் கித்தார்" என்று அவர் வேடிக்கையாகச் சொல்வதுண்டாம். தோட்டத் திருமணங்களில் பாடிய இசைக்குழு ஒன்றில் அப்பா வாசித்தார். பல ஆண்டுகள் பணம் சேர்த்து வாங்கிய அந்தக் கிட்டாரின் மேற்பலகை ஒரே மரத்தினாலானது. அப்பாவின் பெருவிரல் படும் இடத்தில் கழுத்தின் மெருகு தேய்ந்திருக்கிறது. அவர் இன்று இல்லை. அந்தத் தேய்மானம் இருக்கிறது. அதற்கு விலை சொல்ல எனக்குத் தெரியாது.

இப்படிப்பட்ட ஒன்றை நாள்தோறும் பள்ளிக்குத் தூக்கிச் செல்லலாமா? முதல் தடை நம் நாட்டின் காற்று. கிட்டார் செய்வோர் அதற்கு உகந்ததாகக் கூறும் ஈரப்பதம் 45 முதல் 55 விழுக்காடு. நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலோ சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். முழுமரப் பலகை அந்த ஈரத்தைக் குடித்து உப்பும், குதிரை மேலெழும், தந்திகள் மெட்டுகளை விட்டு உயர்ந்து, விரல் அழுத்த வலிக்கும். உலோகத் தந்தி பூட்டிய கிட்டாரின் ஆறு தந்திகளும் சேர்ந்து ஏறத்தாழ 70 கிலோ அளவுக்கு இழுக்கின்றன. ஒரு வளர்ந்த மனிதரின் எடை இரவும் பகலும் அந்த மெல்லிய பலகையில் தொங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை நண்பகலில் மூடிய மகிழுந்துக்குள் விட்டால் பசை இளகும், பலகை வளையும்.

ஒட்டுப்பலகையின் கதை வேறு. மெல்லிய தகடுகளை, ஓர் அடுக்கின் இழை மற்றதற்குக் குறுக்காக வருமாறு ஒட்டிச் செய்கிறார்கள். ஓர் அடுக்கு விரிய நினைத்தால் அடுத்த அடுக்கு அதைப் பிடித்து நிறுத்தும். ஆகவே ஈரத்திற்கும் வெயிலுக்கும் அது எளிதில் அசைந்து கொடுப்பதில்லை. முழுமரத்தில் கேட்கும் ஆழமான நாதம் அதில் கிடைக்காது. ஆனால் வகுப்பறைக்குப் போதும்.

மலிவான கிட்டார் என்றால் மலேசியர்களுக்கு ஒரு பெயர் உடனே நினைவுக்கு வரும்: கபோக். சீனாவின் குவாங்சோ நகரிலிருந்து வந்த வணிகப் பெயர் அது. எளியவரும் வாங்கும் விலையில் இந்நாடெங்கும் பரவியதால், மலாய் மொழியில் "கித்தார் கபோக்" என்பது மலிவான கிட்டாருக்கே பொதுப்பெயராகிவிட்டது. கபோக் என்றால் நம் இலவமரம். குவாங்சோவின் நகர மலரும் செந்நிற இலவம்பூவே. என் தந்தையார் முதன்முதலில் விரல் வைத்ததும் ஒரு கபோக்தான். அது யாருக்கும் தனியுடைமையன்று. லயத்து இளைஞர்கள் கூட்டாகக் காசு போட்டு வாங்கி, முறைவைத்து வாசித்தார்களாம். இன்று நான் போற்றும் கிட்டார் எங்கள் வீட்டுக்கு வந்ததே, பலர் கைபட்டுக் காணாமற்போன அந்த எளிய கருவியால்தான்.

ஒரு சனிக்கிழமை கொமுட்டர் தொடர்வண்டியில் பிரிக்பீல்ட்ஸ் சென்றேன். நுண்கலை ஆலயத்தில் பயிலும் பிள்ளைகளைக் காணும்போதெல்லாம், நம் தோட்டப்புறத்திலிருந்து வந்த குடும்பங்களின் குழந்தைகள் எத்தனை பேருக்கு ஓர் இசைக்கருவியைத் தொட்டுப் பார்க்கவாவது வாய்ப்புக் கிடைக்கிறது என்ற எண்ணம் எழும். அன்றும் எழுந்தது. பிறகு கடைக்குப் போய்ப் பொறுமையாகத் தேர்ந்தெடுத்தேன். வாங்க எண்ணுவோருக்குப் பயன்படும் என்பதால் நான் பார்த்தவற்றைச் சொல்கிறேன். கழுத்தை ஒரு கண்ணால் நேராக நோக்கி வளைவு இருக்கிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு தந்தியையும் ஒவ்வொரு மெட்டிலும் அழுத்தி மீட்டுங்கள். எங்கேனும் கரகரப்பு வந்தால் வேண்டாம். பன்னிரண்டாவது மெட்டில் எழும் சுரம், திறந்த தந்தியின் சுரத்துக்குச் சரியாக மேல்தாயியில் நிற்க வேண்டும். மெட்டுகளின் ஓரம் கையைக் கீறக்கூடாது. பிள்ளைகளுக்கென்றால் நைலான் தந்தியே நல்லது. இழுவிசை குறைவு, பிஞ்சு விரல்களுக்கு நோகாது. இவையெல்லாம் சரியாக இருந்தால் பளபளப்பையும் பெயரையும் பொருட்படுத்த வேண்டியதில்லை.

நம் கோவில்களில் மூலவர் கருவறையை விட்டு அசைவதில்லை. தைப்பூசத்திற்குக் கோலாலம்பூர் மகாமாரியம்மன் கோவிலிலிருந்து வெள்ளித்தேரேறிப் பத்துமலைக்குச் செல்பவர் உற்சவமூர்த்தி. உற்சவர் மதிப்பில் குறைந்தவர் என்று எவரும் சொல்வதில்லை. உள்ளே வர இயலாதவர்களையும் தேடித் தெருவுக்கு வருபவர் அவரே. வீட்டில் இருப்பது மூலவர். பள்ளிக்கு வருவது உற்சவர். நண்பருக்கு நான் சொன்ன இரண்டு வரி இதுதான்.

ஆனால் மாற்று இருந்தால் மட்டும் போதாது, எது எதுவென்ற தெளிவும் வேண்டும். 2015இல் வெளிவந்த "த ஹேட்புல் எய்ட்" என்னும் ஆங்கிலப் படத்திற்காக, மார்ட்டின் நிறுவனத்தின் அருங்காட்சியகம் 1870களில் செய்யப்பட்ட கிட்டார் ஒன்றை இரவல் தந்தது. உடைப்பதற்கென்று படி செய்யப்பட்டிருந்தது. உரிய நேரத்தில் மாற்றி வைக்காததால், நடிகர் கர்ட் ரஸ்ஸல் அறியாமலே அந்தப் பழங்கிட்டாரையே அடித்து நொறுக்கிவிட்டார். இனிப் படங்களுக்குக் கிட்டார் தருவதில்லை என்று அருங்காட்சியகம் முடிவெடுத்தது.

மாறான எடுத்துக்காட்டும் உண்டு. அமெரிக்கப் பாடகர் வில்லி நெல்சன் 1969இல் வாங்கிய "டிரிகர்" என்னும் கிட்டாரையே அரை நூற்றாண்டுக்கும் மேலாக வாசித்து வந்திருக்கிறார். மீட்டி மீட்டி அதன் மேற்பலகையில் ஓட்டையே விழுந்துவிட்டது. அவர் அதைக் காப்பாற்ற இன்னொன்றைத் தேடவில்லை. அதுவும் ஓர் அன்புதான். ஆனால் தமக்கென வாங்கிய கருவியைத் தாமே தேய்க்கும் உரிமை அவருக்கு உண்டு. என் கையிலிருப்பதில் தேய்ந்திருப்பது அப்பாவின் விரல். அதன்மேல் என் தேய்மானத்தை ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

தமிழாசிரியன் என்பதால் யாழை எண்ணாமல் இருக்க முடியவில்லை. சீறியாழும் பேரியாழும் ஏந்தி ஊரூராகச் சென்ற பாணர்களைப் பத்துப்பாட்டு காட்டுகிறது. அந்த யாழ்களில் ஒன்றுகூட நம்மிடம் இல்லை. விபுலாநந்த அடிகள் நெடுங்காலம் ஆய்ந்து, 1947இல் "யாழ் நூல்" வெளியிட்டு, நூற்சான்றுகளைக் கொண்டே அதன் இயல்பை விளக்க வேண்டியதாயிற்று. மரம் உளுத்தால் வேறு மரத்தில் செய்துகொள்ளலாம். மீட்டும் கை அற்றுப்போனால், கற்றுத்தர யார் இருக்கிறார்கள்? கருவியைக் காப்பதினும் கையைக் காப்பது முதன்மையானது என்று நான் கருதுவது இதனால்தான்.

ஆண்டு 2 வகுப்பில் இருபத்தேழு பிள்ளைகள். புதிய கிட்டாரை ஒவ்வொருவர் மடியிலும் வைத்து ஒரு தந்தியை மீட்டச் செய்தேன். ஒரு சிறுவன் துள்ளினான்: "ஐயா, வயித்துல அதிருது!" ஒலி என்பது அதிர்வு என்று பாடநூலைக் கொண்டு எத்தனை முறை விளக்கினாலும் அந்த ஒரு நொடிக்கு ஈடாகாது. மூன்று வாரத்திற்குள் விளிம்பில் இரண்டு வெடிப்பு, பின்பலகையில் ஒரு பேனாக் கிறுக்கல். எனக்குச் சிறிதும் வருத்தமில்லை. வாங்கியதே அதற்காகத்தானே!

மூலவரை மறந்துவிடுவதும் முறையன்று. "நல்ல நாள் வரட்டும்" என்று பெட்டிக்குள்ளேயே பூட்டிவைத்தால், இந்த ஈரத்தில் பூஞ்சணம் பிடித்து, இலவு காத்த கிளியின் கதையாகிவிடும். ஆகவே ஞாயிறுதோறும் பெட்டியைத் திறந்து, உலர்ந்த துணியால் துடைத்து, ஈரமுறிஞ்சும் சிலிக்காப் பொதிகளை மாற்றி, அரைமணி நேரம் வாசிக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பரணிலும் ஓர் ஆர்மோனியமோ மிருதங்கமோ உறங்கிக்கொண்டிருக்கலாம். அதைத் துடைத்து வையுங்கள். இயன்றால், பிள்ளைகள் கீறினாலும் நெஞ்சு பதறாத ஒன்றையும் வாங்கிக் கூடத்தில் வையுங்கள்.